நம்பாதபோது போட்ட ஊசி

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்களின் அச்சத்தைப் போக்க வேண்டும் என்பதற்காகவே ஊடகங்களின் முன்னிலையில் அதைச் செய்தார். மறுநாள் மாரடைப்பு; 17ஆம் நாள் மரணம். தடுப்பூசிக்கும் மாரடைப்புக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் விளக்கினர். ஆயினும் ‘விவேக் ஊசி போட்டுச் செத்துப்போனார்’ என்ற வாக்கியம் அவ்விளக்கத்தை முந்திக்கொண்டு ஓடியது. நான் வாழும் தில்லிக்கும் வந்து சேர்ந்தது.

மொழியியல் பயின்றவனின் காது அந்தப் ‘போட்டு’ என்னும் வினையெச்சத்தில் நின்றுவிடும். ‘குளித்துச் சாப்பிட்டான்’ என்றால் முன்பின் வரிசை மட்டுமே. ‘மழை பெய்து ஏரி நிரம்பியது’ என்றால் காரணமும் விளைவும். வடிவம் ஒன்றுதான், எது வரிசை, எது காரணம் என்பதைக் கேட்பவரே தம் உலக அறிவைக் கொண்டு முடிவு செய்துகொள்கிறார். ஊசியைப் பற்றி ஏற்கெனவே அச்சம் இருந்தால் அந்த அச்சமே முடிவு செய்துவிடுகிறது. (இதனால் தமிழர் பிறரினும் எளிதில் அஞ்சுவர் என்று வாதிடவில்லை. இந்தியிலும் இத்தகைய எச்சம் உண்டு. ‘பின்பு’ என்பதற்குத் தனிச்சொல் வைத்துப் பேசும் மொழிகளிலும் வதந்தி தடையின்றி நடமாடியது.)

இந்த வாக்கியத்தை என் கள ஆய்வில் முதலில் சொன்னவர், தென்தில்லியில் நான்கு வீடுகளில் சமையல் வேலை செய்யும் ஓர் அம்மையார். வயது ஐம்பத்தெட்டு. ஆஸ்துமா உண்டு. “விவேக் ஊசி போட்டுத்தானே தம்பி செத்தாரு? எனக்கு அதுமேல நம்பிக்கையே இல்ல” என்றார். “அப்படியானால் நீங்கள் போட்டுக்கொள்ளவில்லையா?” என்று கேட்டேன். “ரெண்டும் போட்டாச்சே! சர்டிபிகேட் இல்லாம வீட்டுக்குள்ள விட மாட்டேன்னுட்டாங்க.”

இன்று அதே அம்மையார் ஒவ்வொரு குளிர்காலத்திலும் புகைமூட்டத்தோடு வரும் காய்ச்சலில் விழுகிறார். இரண்டு வாரக் கூலி போகிறது, மூச்சு வாங்குகிறது. ஆண்டுதோறும் இன்ஃபுளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்ளுமாறு அவர் பெரிதும் மதிக்கும் மருத்துவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். “அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்கிறார். ஆனால் போட்டுக்கொள்ளவில்லை. தனியார் மருத்துவமனையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். போய்வர ஒரு நாள் விடுப்பு வேண்டும். எந்த வீட்டிலும் சான்றிதழ் கேட்பதில்லை. பெயரும் கைகொடுக்கவில்லை. ‘சளிக்காய்ச்சல் ஊசி’ என்று நான் விளக்கியபோது சிரித்துவிட்டார்: “சளிக்குப் போய் யாராவது ஆயிரம் ரூபா குடுப்பாங்களா?” உயிரை எடுக்கக்கூடிய நோய்க்கும் மூக்கொழுகலுக்கும் அன்றாடத் தமிழில் ஒரே சொல் இருக்கும்வரை இந்தச் சிரிப்பில் குற்றம் காண இயலாது.

நம்பிக்கை இல்லாதபோது போட்டுக்கொண்டார். நம்பிக்கை இருக்கும்போது போட்டுக்கொள்ளவில்லை. நம் துறையில் புழங்கும் ‘தடுப்பூசித் தயக்கம்’ என்னும் தொடரை வைத்துக்கொண்டு இவரை எங்கே நிறுத்துவது?

உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2014இல் அத்தொடரை வரையறுத்தபோது ஒரு நிபந்தனை வைத்தது: தடுப்பூசிச் சேவை கிடைத்தும் காலம் தாழ்த்துவதோ மறுப்பதோதான் தயக்கம். செய்தித்தாள்களிலும் கருத்தரங்குகளிலும் அந்த ‘கிடைத்தும்’ உதிர்ந்துபோய்விட்டது. எஞ்சியிருப்பது மக்களின் மனத்தின்மீது சுமத்தப்பட்ட ஒரு குறை.

கொரோனா தடுப்பூசியின் கணக்கையே பாருங்கள். இந்தியாவில் இரண்டாம் தவணை ஏறத்தாழ 95 கோடி. அரசு ‘முன்னெச்சரிக்கைத் தவணை’ என்று பெயரிட்ட மூன்றாவது ஏறத்தாழ 23 கோடி மட்டுமே. இரண்டு முறை கையை நீட்டியவர்கள் ஒரே ஆண்டில் தடுப்பூசி எதிர்ப்பாளர்களாக மாறிவிடவில்லை. 2022 ஏப்ரலில் பதினெட்டு வயது நிறைந்த அனைவருக்கும் மூன்றாம் தவணை திறக்கப்பட்டபோது, அறுபதுக்குட்பட்டவர்களில் பெரும்பாலோர் தனியார் மையங்களில் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு அது இலவசமாக்கப்பட்டபோது, இரண்டாம் அலையின் மரண ஓலம் மக்கள் நினைவில் மங்கியிருந்தது. சான்றிதழ் கேட்பாரும் அருகிவிட்டனர். ‘முன்னெச்சரிக்கை’ என்ற பெயரே, கட்டாயமில்லை என்றுதான் பலர் காதில் விழுந்தது என ஐயுறுகிறேன். இதை இனிமேல்தான் ஆராய வேண்டும்.

என் வினாநிரலில் ‘தயக்கத்தின் அளவு, 1 முதல் 5 வரை’ என்றொரு கட்டம் உள்ளது. அவ்வம்மையாருக்கு 2021க்கு 5, இப்போதைக்கு 1 என்று நிரப்பினேன். இரண்டும் சரியான விடைகள். இரண்டும் அவர் செய்ததைத் தலைகீழாகக் காட்டுகின்றன. ஆய்வேட்டின் தலைப்பிலிருந்து ‘தயக்கம்’ என்பதை நீக்கலாமா என்று நெறியாளரிடம் கேட்டேன். அச்சொல் இல்லாவிட்டால் ஆய்வேட்டைத் தேடி வருவோர் கண்ணில் அது படாது என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே தலைப்பு அப்படியே இருக்கும். மூன்றாம் இயல் முழுவதும் அந்தக் கட்டத்தைப் பற்றியது.