ஓடின வண்டியா, நின்ன வண்டியா?

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

அன்புள்ள மீனாவுக்கு,

போன்ல பேச ஆரம்பிச்சா உங்க வீட்டுக்காரர் "இன்னுமா முடியல?"ன்னு பக்கத்துல வந்து நிக்கிறார். அதான் லெட்டராவே எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். விஷயம் கொஞ்சம் பெரிசு. கார் வாங்கறதா வேண்டாமான்னு எங்க வீடு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கிடக்குது.

எனக்குக் கிணத்துக்கடவுக்கு மாறுதல் வந்த கதைதான் உனக்குத் தெரியுமே. உக்கடம் போய், பொள்ளாச்சி பஸ் பிடிச்சு, இறங்கி, ஷேர் ஆட்டோவுக்குக் காத்துக் கிடந்து ஸ்கூலுக்குள்ள நுழையறதுக்குள்ள பாதி உசுரு போயிடுது. எங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடறேன்னார், அவர் முட்டி ஒத்துழைக்கல. சின்னதா ஒரு பெட்ரோல் கார், புதுசு வேண்டாம், அஞ்சு லட்சத்துக்குள்ள முடிச்சுக்கலாம்னு பேசி வச்சிருந்தோம்.

சொல்லி வச்ச மாதிரி மாடி வீட்டு அக்காவோட தம்பி வண்டி விலைக்கு வந்துச்சு. மருந்துக் கம்பெனி ரெப். இப்ப மேனேஜராகி பெங்களூர் போறாராம், கம்பெனியே கார் தருதாம். அக்கா ரெண்டு மாசமா இந்தப் பெருமையைத்தான் மாடிப்படியில நின்னு பேசிக்கிட்டிருக்கு. வண்டி 2022 மாடல் மாருதி ஸ்விஃப்ட், வெள்ளை, ஃபர்ஸ்ட் ஓனர். உள்ள உட்கார்ந்தா புது வண்டி மாதிரிதான் இருக்கு. சந்தோஷமா மீட்டரைப் பார்த்தேன். 92,000!

அந்த நம்பரைக் கேட்டதும் ஆரம்பிச்சது பாரு கச்சேரி. அத்தை, "ஊரெல்லாம் சுத்திட்டு வந்த வண்டியை எதுக்குங் கண்ணு நம்ம வாசல்ல நிறுத்தணும்?"ங்கறாங்க. என் தங்கச்சி வீட்டுக்காரர் கால்குலேட்டரை எடுத்துட்டார். வருஷத்துக்குப் பன்னண்டாயிரம் கிலோமீட்டர்னு வச்சாக்கூட மூணரை வருஷத்துக்கு நாப்பத்திரெண்டாயிரம்தான் வரணுமாம், இது ரெண்டு மடங்குக்கு மேலயாம். நாத்தனார் மட்டும் ஒண்ணும் சொல்லல. "செகண்ட் ஹேண்டா..."ன்னு இழுத்துட்டு காபியைக் குடிச்சாங்க. அவங்க வீட்டு எஸ்.யூ.வி. ஏழு வருஷ லோன்ல வாங்கினது, பாதி நாள் கவர் போட்டு நிக்குது. சந்துக்குள்ள திருப்பறதுக்கு அவங்க வீட்டுக்காரர் பயப்படறார். இதை நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லிடாதடி.

எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான். நேரா எங்க தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்டப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ரோட்ல ஓடுச்சுங்க?" நான் பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல்னு ரெப்போட லைனை ஒப்பிச்சேன். "அப்ப நாலு வழிச் சாலையில டாப் கியர்ல போன வண்டி. காந்திபுரம் சிக்னல்ல முப்பதாயிரம் ஓடின வண்டியை விட இது தேவலைங்க"ன்னுட்டார்.

அவர் விளக்கினது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. இன்ஜின் தேயறது பெரும்பாலும் காலையில ஜில்லுன்னு ஸ்டார்ட் பண்ற நேரத்துலதானாம், ஆயில் மேலேறி எல்லா இடத்தையும் தொடறதுக்கு முன்னாடி. டவுனுக்குள்ள காய்கறிக் கடைக்குப் போய் அணைச்சு, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, பாதி கிளட்ச்ல ஊர்ந்து, நிமிஷத்துக்கு நாலு பிரேக் போட்டு ஓடறப்போ கிலோமீட்டர் ஏறாது, தேய்மானம் மட்டும் ஏறும். ஹைவேயில ஒரே சூட்டுல, ஒரே வேகத்துல மணிக்கணக்காப் போற இன்ஜினுக்கு அந்தத் தொல்லை கம்மி. இந்த இன்ஜின்ல டைமிங் பெல்ட் கிடையாது, செயின். லட்சம் கிலோமீட்டர் நெருங்கினதும் பெல்ட் மாத்துற செலவும் இல்ல. ஆயில் மட்டும் வேளாவேளைக்கு மாத்தியிருந்தா இன்னும் ஒரு லட்சம் அலட்டாம ஓடும்ங்கறார். நான் வருஷத்துக்குப் பத்தாயிரம் ஓட்டினாலே பெரிசு.

தங்கச்சி வீட்டுக்காரர் விடுவாரா? "கம்மியா ஓடின வண்டி காட்டறேன் வாங்க"ன்னு ஒரு கார் கன்சல்டிங்குக்கு இழுத்துட்டுப் போனார். அங்க 2016 மாடல் ஒண்ணு, 31,000 கிலோமீட்டர், பளபளன்னு பாலிஷ் போட்டு நின்னுச்சு. "டாக்டரம்மா வண்டிங்க, கிளினிக் விட்டா வீடு, வீடு விட்டா கிளினிக்"ன்னார் கடைக்காரர். இந்த ஊர்ல விலைக்கு நிக்கிற அத்தனை வண்டியும் டாக்டரம்மா ஓட்டினதுதான் போல, ஒரு வாத்தியாரம்மா ஓட்டின வண்டிகூடக் கிடையாது!

கூட வந்த மெக்கானிக் அண்ணன் ஒரு வார்த்தை பேசல. கதவைத் திறந்து, கீழ குனிஞ்சு, மொபைல் டார்ச்சைப் பெடல் மேல அடிச்சார். பிரேக் பெடல் ரப்பர்ல இருக்க வேண்டிய வரி மொத்தமும் வழிச்சு விட்ட மாதிரி மழமழன்னு இருந்துச்சு. கிளட்ச் பெடல்ல ஒரு ஓரம் தேஞ்சு இரும்பே தெரியுது. கிளினிக்குக்கும் வீட்டுக்கும் நடுவுல அந்தம்மா எத்தனை பிரேக் போட்டிருப்பாங்க! அடுத்து டயர். டயரோட பக்கவாட்டுல முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும், பார்த்திருக்கியா? முதல் ரெண்டு எத்தனையாவது வாரம், அடுத்த ரெண்டு எந்த வருஷம். அந்த வண்டியோட நாலு டயர்லயும் 1819, அதாவது 2019இல் 18ஆவது வாரம் செஞ்ச டயர். அப்ப மூணு வருஷத்துலயே நாலு டயரையும் மாத்தியிருக்காங்க. முப்பதாயிரம்கூட ஓடாத வண்டிக்கு அதுக்கு என்ன அவசரம்? சர்வீஸ் பில்லைக் கேட்டோம். "பழைய பில்லெல்லாம் யாருங்க எடுத்து வைப்பாங்க?"ன்னு சிரிச்சார். நாங்களும் சிரிச்சுட்டு வந்துட்டோம்.

வர்ற வழியில அண்ணன் இன்னொண்ணும் சொன்னார். மீட்டர் நிஜமாவே இருந்தாலும், சும்மா நின்ன வண்டிக்கும் நோவு உண்டாம். டயர் ஓடாமலே வெடிக்கும், பேட்டரி படுத்துக்கும், ஹோஸ் காய்ஞ்சு போகும், எலி வந்து ஒயரைக் கடிக்கும். உங்க வேளச்சேரி ஞாபகம் வந்து, "தண்ணியில நின்ன வண்டியை எப்படிக் கண்டுபிடிக்கறது?"ன்னு கேட்டேன். 2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் கழுத்தளவு முங்கின கார்களை நீதானே போட்டோ எடுத்து அனுப்பின! சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்க்கணுமாம். எவ்வளவு கழுவினாலும் அந்தக் கடைசி ஒரு முழத்துல சேத்துக் கறை நிக்குமாம். ஸ்டெப்னி வைக்கிற குழியில துரு இருக்கான்னும் பார்க்கணுமாம்.

சரி, நம்ம ரெப் வண்டிக்கு வர்றேன். "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிட்டுக் காலங்காத்தால போனோம். அண்ணன் முதல்ல பானெட் மேல உள்ளங்கையை வச்சார். சூடு இல்ல. ஒரே சாவியில இன்ஜின் எடுத்துச்சு, புகையும் இல்ல. நீலப் புகை வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தமாம், வெள்ளைப் புகை நிக்காம வந்துக்கிட்டே இருந்தா கூலண்ட் உள்ள போகுதாம். ஆயில் மூடியைக் கழட்டி, உள்ள மோர் மாதிரி ஏதும் ஒட்டியிருக்கான்னு விரலால தடவிப் பார்த்தார். சுத்தம். பானெட் கீல்ல இருக்கிற போல்ட்ல ஸ்பானர் பட்ட தடம் இல்ல, அதனால முன்பக்கம் அடிபட்ட வண்டி இல்ல. பின் கதவுல மட்டும் டச்சப். கேட்கறதுக்கு முன்னாடியே ரெப் தம்பி, "பழனி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல உரசிட்டேன்க்கா"ன்னுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் டிரைவர் சீட்தான். ஊருக்கு ஊர் கிளினிக் வாசல்ல ஏறி இறங்கி, அதோட வலது ஓரம் மட்டும் அமுங்கிப் போயிருக்கு. பின் சீட்டோ யாருமே உட்காராத மாதிரி விறைப்பா நிக்குது. மீட்டர் சொல்றதையேதான் சீட்டும் சொல்லுது. பத்தாயிரத்துக்கு ஒரு தடவை போட்ட சர்வீஸ் பில்லை ஃபைல்ல வரிசையா வச்சிருக்கார். மருந்து சாம்பிளுக்கே கணக்கு வச்சுப் பழகின கை!

குறை இல்லாம இல்ல. கிளட்ச் கடைசிக் கட்டத்துல இருக்கு, பெடல் மேல வந்தப்புறம்தான் பிடிக்குது. வேகத்தடையில முன்னாடி கடகடங்குது. ரெண்டு டயர் மாத்தணும். வாரண்டியும் முடிஞ்சுது. எல்லாம் சேர்த்து நாப்பதாயிரம் ஒதுக்கி வைக்கச் சொன்னார் அண்ணன். அப்புறம் எத்தனால் கலந்த இந்த இ-20 பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளைத்தான் அதுக்கேத்த மாதிரி செய்யறாங்க, இது 2022. மைலேஜ் கொஞ்சம் அடிபடும், ரப்பர் ஹோஸை சர்வீஸுக்கு விடறப்பல்லாம் பார்த்துக்கணும்ங்கறார்.

அதனால பேரம் பேசினோம். அக்கா சொன்ன விலை 5,40,000. நான் விடல. 2025 செப்டம்பர் 22இல் இருந்து சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். அதுக்கு முன்னாடி செஸ்ஸோட சேர்த்து 29. நாலு மீட்டருக்குள்ள நீளம், 1200 சி.சி.க்குள்ள பெட்ரோல் இன்ஜின்னு கணக்கு, ஸ்விஃப்டும் அதுக்குள்ளதான் வருது. புது வண்டியே இறங்கி வந்திருக்கு, பழசு மட்டும் மலையேறி உட்கார்ந்தா எப்படிக்கா? அக்கா முகம் சுண்டிப் போச்சு, ஆனா தம்பி 4,85,000க்கு இறங்கிட்டார். ரிப்பேரையும் சேர்த்தா 5,25,000. பட்ஜெட் கொஞ்சம் இடிக்குதுதான். புது ஸ்விஃப்ட் ஆன்ரோடு எட்டு லட்சத்தைத் தொடுதுன்னு ஷோரூம் பையன் எழுதிக் கொடுத்த சீட்டை இவர்கிட்டக் காட்டினேன், வாயே திறக்கல. ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியாச்சு, தமிழ்நாட்டுக்குள்ள பேர் மாத்தறதுக்கு மறுபடி கட்ட வேண்டாம்.

பேப்பர் விஷயத்துல இவர் கெட்டி. படிவம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து, பேங்க் லோன் முடிஞ்சதுக்கு என்.ஓ.சி., கூடவே படிவம் 35, அபராதச் சலான் பாக்கி இருக்கான்னு ஆன்லைன்ல பார்க்கறது, எல்லாம் லிஸ்ட் போட்டாச்சு. இன்சூரன்ஸைப் பதினாலு நாளுக்குள்ள நம்ம பேருக்கு மாத்த எழுதிக் கொடுக்கணும். தம்பி சேர்த்து வச்ச நோ கிளைம் போனஸ் அவரோடயே போயிடும், வண்டியோட வராது. பேர் மாத்தாம இழுத்தடிச்சா விக்கிறவருக்கும் ஆபத்துதான். ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர், விபத்து நடந்தா இழப்பீடும் அவங்க தலையிலதான்னு 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதனால தம்பியும் அவசரப்படறார்.

ஆக, நான் முடிவுக்கு வந்துட்டேன் மீனா. வாங்கறோம். எங்கெங்க ஓடுச்சுன்னு பில்லோட கணக்குச் சொல்ற 92,000, கதை மட்டும் சொல்ற 31,000ஐ விட எனக்கு நிம்மதி. ஒரே ஒரு நிபந்தனை. பேங்க் என்.ஓ.சி. கைக்கு வந்தப்புறம்தான் முழுப் பணம், அதுவரைக்கும் அட்வான்ஸ் மட்டும். அக்காவுக்கு அதுல கொஞ்சம் வருத்தம், இருந்துட்டுப் போகட்டும்.

அத்தையை எப்படிச் சமாளிச்சேன்னு கேட்கறியா? முதல் ஓட்டமே ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குத்தான்னு சொன்னேன். "வண்டி பழசா இருந்தா என்ன, டயருக்குக் கீழ வைக்கிற எலுமிச்சம்பழம் புதுசுதானே"ன்னு கட்சி மாறிட்டாங்க. இப்ப நாத்தனார்தான் எதிர்க்கட்சியில தனியா நிக்கறாங்க.

நீ பொங்கல் லீவுக்கு வந்தா ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிட்டு வர்றேன். உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, பின் சீட் அவருக்குத்தான். அங்க உட்கார்ந்து "இன்னுமா முடியல?"ன்னு எவ்வளவு வேணா கேட்டுக்கட்டும்.

உன் அன்பு,
ராஜி