கெலமங்கலத்துக் கணக்கும் சிங்கப்பூர்க் கணக்கும்

ஓசூருக்கு அருகிலுள்ள கெலமங்கலத்தில் ஒருவருடைய வேலையை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். கவர்மென்ட்டா, கம்பெனியா? கம்பெனி என்றால், பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா? சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவரின் வீட்டாரிடம் வரன் பேச வருபவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அந்த நாட்டில் இந்தக் கேள்விகளுக்கு அவ்வளவு எடை கிடையாது. முக்கியக் காரணம் ஓய்வூதியம்.

ஓசூர் வட்டாரத்தில் கம்பெனி வேலைக்குப் பஞ்சம் இல்லை. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் 1980-களிலேயே வேரூன்றிவிட்டன. டைட்டனில் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் பெரும் பங்குதாரர். ஆனாலும் அரசு முதல் போட்ட கம்பெனியின் வேலையை ஊரில் யாரும் அரசு வேலை என்று சொல்வதில்லை. இப்போது உத்தனப்பள்ளிப் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸில் ஐபோன் பாகங்கள் தயாராகின்றன. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்டு முறையில் வேலை பார்க்கிறார்கள். இத்தனை கம்பெனிகள் சுற்றி நின்றும், ஷிப்டு முடிந்து வருகிறவர் தூங்கும் அறையிலேயே அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக் கையேடும் கிடக்கும். 2024-இல் அந்தத் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இந்த எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்ற விடைகளையே திருத்துவார்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, அந்த மொழிகளில் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் தடை அங்கேயே.

'கோழி மேய்த்தாலும் கவர்மென்ட்டில் மேய்க்கணும்' என்ற பேச்சு சம்பளத்தை வைத்து வந்ததல்ல. இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். அகவிலைப்படி சேர்த்தாலும், பெரிய கம்பெனியில் பர்மனென்ட் ஆனவர் அதைத் தாண்டிவிடலாம். இருவரும் ஓய்வு பெறும்போதுதான் வித்தியாசம் தெரியும். கம்பெனி ஊழியருக்கான பி.எஃப். ஓய்வூதியத்தில் கணக்கில் கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 35 ஆண்டு உழைத்தவருக்கு மாதம் 7,500 ரூபாய் வரும். பழைய அரசு ஓய்வூதியமோ கடைசிச் சம்பளத்தில் பாதி; அகவிலைப்படியும் கூடவே ஏறும். ஆனால் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களைத் தமிழக அரசு பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றியது. 2019 ஜனவரியில் அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கையே பழைய திட்டம் வேண்டும் என்பதுதான். தாத்தா வாங்கிய பென்ஷனை மனத்தில் வைத்துக்கொண்டே பேரனைத் தேர்வுக்கு அனுப்பும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

சிங்கப்பூரில் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்டார்கள். மத்திய சேமநிதி 1955-இல் தொடங்கியது. 55 வயது வரை தொழிலாளியின் சம்பளத்தில் 20 விழுக்காடு பிடிப்பார்கள். முதலாளி 17 விழுக்காடு போடுவார். அமைச்சகத்தில் எழுத்தராக இருந்தாலும் தேக்காவில் மளிகைக்கடை ஊழியராக இருந்தாலும் விதி ஒன்றுதான். 1986-க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தனி ஓய்வூதியம் கிடையாது. அரசு ஊழியரின் போனஸும் நாட்டின் பொருளாதாரத்தைப் பார்த்தே முடிவாகும். கொரோனாவால் 2020-இல் மாறுபடும் போனஸை நிறுத்தியே விட்டார்கள். அதனால் அரசுப் பணியில் சில ஆண்டு இருந்துவிட்டு வங்கிக்கோ மென்பொருள் நிறுவனத்துக்கோ மாறுவது அங்கே பெரிய இழப்பாகப் படுவதில்லை. சேமநிதிக் கணக்கு ஆளோடு கூடவே போகிறது. முதுமைக்கான காப்பை முதலாளியிடமிருந்து பிரித்துவிட்டால் வேலையை அதன் தகுதியால் மட்டும் எடைபோடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இதையெல்லாம் ஊரில் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. கெலமங்கலத்திலிருந்து பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி வழியாக எம்ப்ளாய்மென்ட் பாஸில் போய்ச் சேர்ந்த பொறியாளருக்கு அது கிடையாது. கட்டுமான வேலைக்கு வொர்க் பெர்மிட்டில் போனவருக்கும் கிடையாது. பொறியாளருக்கு வேலை போனால் முதலாளி பாஸை ரத்து செய்வார். அதன்பின் தங்குவதற்குப் பொதுவாகக் கிடைப்பது 30 நாள். ஊரில் கான்ட்ராக்ட் தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்தினாலும் அவர் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை.

எனவே வெளிநாட்டு மாப்பிள்ளையிடம் கவர்மென்ட்டா, கம்பெனியா என்று கேட்பதில் பயனில்லை. எந்த பாஸ், நிரந்தரவாசம் கிடைத்துவிட்டதா என்று கேட்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால், பக்கத்து மேசைச் சிங்கப்பூர்க்காரரின் பெயரில் மாதந்தோறும் சேரும் அந்த 37 விழுக்காட்டை இவர் தன் சம்பளத்திலிருந்தே எடுத்து வைத்தாக வேண்டும்.