கையை வைத்தால் அடங்கும் இரைச்சல்

பெரம்பூரில் உள்ள அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஈயப் புகை, சுவரில் வரிசையாகத் தொங்கும் எலெக்ட்ரிக் கிதார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் தேவாலய இசைக்குழுக்களும் நெடுநாளாக உள்ள வட்டாரம் என்பதால் விலாசம் வாய்வழியாகவே பரவிவிடுகிறது. நான் போனது ஒரு சனிக்கிழமை. ஞாயிறு ஆராதனையில் ஒலிக்க வேண்டிய கருவிகளெல்லாம் அன்றுதான் அவசர அவசரமாக வந்து சேர்கின்றன.

பட்டறைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிதார் வாசித்தவர். உதவிக்கு ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்த ஒரு பெண். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஈயம் வைப்பதில் மட்டும் தன்னைவிட அவர் கை சுத்தம் என்று மாஸ்டரே சொன்னார்.

முதலில் வந்த இளைஞர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிதாரோடு, இன்னும் பிரிக்காத பெட்டியில் புதுப் பிக்கப்புகளையும் கொண்டுவந்திருந்தார். “ஒரே ஹம்மு மாஸ்டர். பழசக் கழட்டிட்டு இதப் போட்டுக் குடுங்க.” மாஸ்டர் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இளைஞரின் கேபிளை உருவிவிட்டுத் தன் கேபிளைச் செருகினார். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. “தம்பி, கம்பி மேல கைய வை. சத்தம் ஏறுதா, எறங்குதா?”

இறங்கியது. அந்த ஒரு சோதனையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. நம்மைச் சுற்றி ஓடும் மின்சாரத்தின் இரைச்சலை மனித உடம்பு வாங்கி, கிதாருக்குள் மறைப்பில்லாமல் கிடக்கும் ஒயர்களுக்குக் கடத்துகிறது. கம்பிகள், அவற்றைத் தாங்கும் பாலத்தின் அடியிலிருந்து வரும் ஒயர் வழியாக எர்த்தோடு இணைந்திருப்பவை. அவற்றைத் தொட்டதும் உடம்பும் எர்த் ஆகிவிடுவதால் இரைச்சல் தணிகிறது. அப்படியானால் எர்த் ஒயர் சரி, குறை மறைப்பில்தான். உள்குழியில் செம்புத் தகடு ஒட்டி, அதை எர்த்தோடு சேர்த்தால் போதும்.

அடுத்து வந்த கிதார் நேர்மாறாக நடந்துகொண்டது. தொட்டதும் உறுமல் ஏறியது. மாஸ்டர் சிரித்தார். யாரோ ஜாக்கை மாற்றியபோது இரண்டு ஒயரையும் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். எர்த்தில் இருக்க வேண்டிய கம்பிகள் இப்போது ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டிலேயே நிற்கின்றன. அந்தப் பெண் ஜாக் தகட்டைக் கழற்றி, ஒயர்களை மாற்றி ஈயம் வைத்து மூடினார். நான் நோட்டில் எழுதி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இந்த இரைச்சலுக்கு மூலமான நம்மூர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பேஸ் கிதாரின் தடித்த கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ‘ஜி’ 49 ஹெர்ட்ஸ். மாஸ்டர் வாசித்துக் காட்டினார். இரைச்சலும் சுரமும் ஒட்டி உரசிக்கொண்டு நின்றன. “முப்பது வருசமா எல்லாப் பாட்டுக்கும் இவன் கூடவே ஜி போட்டுட்டு இருக்கான்” என்றார்.

செம்புத் தகடும் எல்லாவற்றையும் தடுக்காது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்துக்கும் அந்தச் சுருள் அதே விசுவாசத்தோடு பதில் சொல்லும். இதற்காகத்தான் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, இரைச்சலை இரைச்சலாலேயே கழிக்கும் பிக்கப்புக்கு 1955-இல் காப்புரிமை கோரினார். ஒற்றைச் சுருளின் கூர்மையான ஒலியை விரும்புகிறவர் கொஞ்சம் ஹம்மையும் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மற்றவை விரைவாகப் போயின. சுவிட்சின் ஒரு நிலையில் மட்டும் சத்தமே வராத ஒரு கிதாரின் பிக்கப்புகளை ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒவ்வொன்றாகத் தட்டினார்; இரண்டு ‘டொக்’ என்றன, ஒன்று பேசவில்லை. மல்டிமீட்டர் வைத்ததில் சுருள் ஆறு கிலோ ஓம் காட்டியது. ஒற்றைச் சுருளுக்கு அது சரியான அளவு. அப்போது பழுது சுருளில் இல்லை, அதிலிருந்து சுவிட்சுக்குப் போகும் வழியில். டிரை சால்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு. மங்கலாக, மணல் மணலாக இருந்த அந்த முனையை அந்தப் பெண் உருக்கி மறுபடி வைத்தார். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் எர்த் ஒயரை ஒட்டுவதுதான் கஷ்டம் என்றார். அந்த உலோகம் சூட்டைக் குடித்துவிடும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதாது. உப்புத்தாளால் தேய்த்து, 60 வாட்டில் சட்டென்று வைத்து எடுத்துவிட வேண்டும்.

திருகும்போது கரகரவென்று கேட்டால் கன்ட்ரோலின் உள்ளே அழுக்கு. சென்னையின் உப்புக்காற்றில் ஜாக்கும் சுவிட்சும் சீக்கிரம் களிம்பு பிடிக்கின்றன. கான்டாக்ட் கிளீனரை அடித்துப் பல தடவை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெயை விட்டுக் கொண்டுவருகிறவர்களை மாஸ்டர் மன்னிப்பதில்லை.

பார்த்தவரை, ஒரு கிதாரில்கூட மாற்ற வேண்டிய அளவுக்குப் பிக்கப் கெட்டிருக்கவில்லை. பொருளை மாற்றுவதில் வாசிப்பவர்களுக்கு இருக்கும் ஆசை சோதித்துப் பார்ப்பதில் இல்லை என்று நினைக்கிறேன். அந்த இளைஞரிடம் தகட்டுக்கும் கூலிக்கும் மட்டும் வாங்கிக்கொண்டு, “புதுச கடையிலயே திருப்பிக் குடுத்துரு” என்றார் மாஸ்டர்.

போகும்போது இளைஞர் சொன்ன ஒரு வார்த்தைதான் மாஸ்டரை நிறுத்தியது. வீட்டைவிட மண்டபத்தில்தான் இரைச்சல் அதிகமாம். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பற்றிக் கேட்டார். மேலே இருக்க வேண்டிய தடித்த முள் இல்லையாம். ஹம் குறையும் என்று யாரோ அறுத்துவிட்டிருக்கிறார்கள். மாஸ்டர் குரலை உயர்த்தியது அப்போது மட்டும்தான். “இத எவன் அறுத்தான்? கம்பி உன் கையில, மைக்கு உன் வாயில. நடுவுல நீ நிக்கிற!” அவர் பயமுறுத்தவில்லை. 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார்.

ஹம்மோடு ஒரு கச்சேரியை வாசித்துவிடலாம். உங்கள் தேவாலயத்திலோ மண்டபத்திலோ மூன்று முள் பிளக்கில் ஒன்று குறைந்திருந்தால், புதிய பிளக் போட்டு, சுவர் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்த பிறகே கிதாரைச் செருகுங்கள்.