கடற்கரை காலி நிலம் அன்று

பெருநகரின் அருகே கடலோரத்தில் வாழ்வோரைக் கண்டு ஏக்கம் கொள்வோர் பலர். நல்ல காற்று, அன்றன்று பிடித்த மீன், கடலிலிருந்து கதிரவன் எழும் காட்சி, வேண்டும்போது ஒரு மணி நேரப் பயணத்தில் நகரம்; இதற்குமேல் என்ன வேண்டும் என்று வினவுகின்றனர். அவர்கள் கூறுவது பொய்யன்று. ஆயினும் இவ்வாழ்வுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதனை நம் குடும்ப ஏட்டின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

எங்கள் கோவளம் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், முட்டுக்காட்டுக் கழி கடலோடு கலக்குமிடத்தை அடுத்து அமைந்த ஊர். வணிகர் ஜான் டி மான்டி 1808-இல் எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம் இங்கு உள்ளது. தமீம் அன்சாரி தர்காவும் இங்கேயே உள்ளது. சமயம் எதுவாயினும் எல்லார்க்கும் கடல் ஒன்றே, மணலும் ஒன்றே.

நகரம் எங்களுக்குச் செய்துள்ள நன்மைகளை மறைக்க மாட்டோம். நோயுற்றோரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இன்று நெடுநேரம் ஆவதில்லை. பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகின்றனர். வஞ்சிரத்திற்கும் இறாலுக்கும் நல்ல விலை கிடைப்பது நகரத்தாரின் அடுக்களையால்தான். மீனவ இளைஞர் சிலர் அலைச்சறுக்கு கற்பித்தும் பிழைக்கின்றனர். கிழக்குக் கடற்கரைச் சாலை விரிந்ததால் வந்த நலன்கள் இவை.

அதே சாலை வேறொன்றையும் கொண்டுவந்தது. நிலத்தின் விலை ஏறிற்று. ஒரு மனைக்குத் தரகர் கூறும் தொகை, ஒரு குடும்பம் பல ஆண்டுகள் வலை வீசி ஈட்டும் வருவாயினும் மிகுதி. மகளின் திருமணம், மகனின் படிப்பு, படகுக் கடன் என்று நெருக்கடி வரும்போது அத்தொகையை மறுப்பது எளிதன்று. விற்றவரைக் குறைகூற எங்களுக்கு மனம் வருவதில்லை. ஆனால் விற்ற மனையோடு கடலுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையும் சில வேளை சுவருக்குள் அகப்பட்டுக்கொள்கின்றது. அதன் இழப்பு ஊருக்கே உரியது.

வெளியார் கண்ணுக்குக் கடற்கரை காலி நிலம். எங்களுக்கோ அது பட்டறை, சந்தை, முற்றம். படகு ஏற்றுவதும், வலை உலர்த்துவதும், கிழிந்த கண்ணிகளைத் தைப்பதும் அங்கே. மீனை ஏலம் விடுவதும், பெண்கள் அதனைத் தரம் பிரித்துக் கூடையில் அடுக்குவதும், விற்காத நெத்திலியைக் கருவாடாக்குவதும் அங்கே. கரைவலை இழுப்பதற்கு நீண்ட வெளி வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் படகை எங்கே ஏற்றுவது? எந்த மாடியில் வலையைக் காயவைப்பது?

2004 டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாளாகிய ஞாயிறு, ஆழிப்பேரலை வந்தது. அதன்பின் 2005-இல் வெளியான அரசாணை ஒன்று, கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தோர் பழைய வீட்டையும் மனையையும் அரசிடம் ஒப்படைத்தால் அப்பால் புதிய வீடு பெறலாம் என்றது. உயிர்காக்கும் நோக்கம் அதில் இருந்தது. ஆயின் 2019-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையோ, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் கட்டடம் எழுப்பலாகாத பகுதியை அதே 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்க வழிசெய்தது. மீனவன் விலகிய இடத்திற்கு யார் வருவர் என்பதே கடலோர மக்களின் கவலை.

அதே சட்டத்தில் எங்களுக்குத் துணையான விதியும் உண்டு. கடலோர மேலாண்மை வரைபடத்தில் மீனவ ஊர்களையும், அவர்கள் பொதுவில் பயன்படுத்தும் இடங்களையும் குறித்துக் காட்டவேண்டும் என்பதே அது. வரைபடத்தில் இல்லாத இடம் அலுவலகத்தின் பார்வையில் வெற்றிடமே. ஆகவே, வலை காயும் இடம் இது, படகு நிற்கும் இடம் இது என்று நாங்களே எடுத்துச் சொல்லி, எழுத்தில் பதியச் செய்தல் வேண்டும். கிராம சபைக் கூட்டத்திற்கு வீட்டுக்கு ஒருவராவது செல்வது, இனி எங்களுக்குக் கடலுக்குச் செல்வதைப் போன்ற கடமை.

நகரின் தேவைகளும் சிறியன அல்ல. எங்களுக்குத் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் இயங்குகின்றது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் வழங்கும் திறனுடையது. 2024-இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள மற்றோர் ஆலையும் அங்குத் தொடங்கப்பட்டது. தாகத்திற்குத் தண்ணீர் கேட்கும் நகரத்தாரை நாங்கள் வெறுக்கவில்லை. 2021-இல் எங்கள் கடற்கரையின் ஒரு பகுதிக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தபோது மகிழ்ந்தோம். தூய்மை நன்றே. ஆனால் வலையும் படகும் கண்ணில் படாதிருப்பதுதான் தூய்மை என்று எவரும் கருதலாகாது.

தமிழில் ‘பங்கு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஆலயத்தைச் சூழ்ந்த இறைமக்கள் சமூகம் பங்கு. பிடித்த மீனில் படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பிரித்து வைப்பதும் பங்கு. கடலோரத்தார்க்கு இவ்விரண்டும் ஒன்றையொன்று விளக்கும் சொற்கள். ஒருவனே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் இடத்தில் பங்கு இல்லை. கரையும் அத்தகையதே. அது தனியொருவரின் உடைமையன்று. ஊரார் அனைவர்க்கும், இனிப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு.

நற்செய்தியை எண்ணிப் பார்ப்போம். ஆண்டவர் கெனசரேத்து ஏரிக்கரைக்கு வந்தபோது மீனவர்கள் வலைகளை அலசிக்கொண்டிருந்தனர். செபதேயுவின் மக்களை அழைத்தபோது அவர்கள் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தனர். உயிர்த்தபின்னும் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துத் தம் சீடர்க்கு உணவளித்தார். திருத்தூதர்களின் அழைப்பு நிகழ்ந்தது வலை அலசும் கரையில்! அந்தக் கரையை வேலியிட்டு மறித்திருந்தால் அவர்கள் எங்கே நின்றிருப்பர்?

நகரப் பங்குகளிலிருந்து ஞாயிறுதோறும் வரும் குடும்பங்களே, வாருங்கள், வரவேற்கின்றோம். கார்களைப் படகு ஏற்றும் வழியில் நிறுத்தாதீர்கள். காயும் வலைமீதும் கருவாட்டின்மீதும் பிள்ளைகள் ஓடாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். நெகிழிக் குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். வெயிலில் அமர்ந்திருக்கும் மீன்காரத் தாயிடம் பத்து ரூபாய்க்காக வாதிடாதீர்கள். கடற்கரை மனை ஒன்று விலைக்கு வருகின்றது என்று கேள்விப்பட்டால், அதன் வழியே யார் கடலுக்குச் செல்கின்றனர் என்று ஒருமுறை கேட்டறியுங்கள்.

எங்கள் கடலோரக் குடும்பங்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். அவர்கள் விரும்பிய தொழிலுக்கு அனுப்புங்கள். ஆயின் காற்றின் பெயரையும் நீரோட்டத்தின் போக்கையும் மீனின் இனத்தையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கரையைப் பற்றிய அறிவு உள்ளவரே அதற்காகப் பேச முடியும். கார்மேல் அன்னை நம் படகுகளையும், அவை வந்து சேரும் கரையையும் காப்பாராக.