பணம் எங்கேருந்து வந்துச்சு?

ஏழாவது செமஸ்டர்ல புள்ளியியல் எலெக்டிவ் எடுத்தவங்களுக்குத் தெரியும். ஏதாவது ஒரு பெரிய டேட்டாவை எடுத்து, அதை எப்படிச் சேகரிச்சாங்கன்னு அசைன்மென்ட் எழுதணும். பசங்க கிரிக்கெட், ஷேர் மார்க்கெட்னு நல்லதையெல்லாம் முதல்லயே பிடிச்சுட்டாங்க. எனக்கு மிஞ்சினது தேசிய மாதிரி ஆய்வோட 75ஆவது சுற்று. நம்ம நாட்டுக் குடும்பங்கள் வைத்தியத்துக்கு எவ்வளவு செலவு பண்றாங்கன்னு 2017 ஜூலையிலிருந்து 2018 ஜூன் வரைக்கும் வீடு வீடாப் போய்க் கேட்ட கணக்கெடுப்பு. பக்கத்தை நிரப்பினா போதும்னுதான் அதோட கேள்வித்தாளைத் திறந்தேன். கொஞ்ச நேரத்துலயே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இந்தக் கேள்விகளை நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன். எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து.

2018 மே மாசம். எட்டாவது முடிச்சுட்டு லீவுல இருந்தேன். கழுத்துல அடையாள அட்டை போட்ட ஒரு அக்கா எங்க தெருவுல எல்லா வீட்டுக்கும் வந்தாங்க. முதல் தடவை நாலே கேள்விதான். வீட்ல எத்தனை பேர், ஒரு வயசுக்குக் கீழ குழந்தை இருக்கா, கடந்த ஒரு வருஷத்துல யாராவது ஆஸ்பத்திரியில தங்கி வைத்தியம் பார்த்தாங்களா, இந்த மாதிரி. ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பி வந்தவங்க பக்கத்து வீட்டுக்கெல்லாம் போகாம நேரா எங்க வீட்டுக்கு வந்து உட்கார்ந்துட்டாங்க. "இத்தனை வீடு இருக்க, எங்க வீடு மட்டும் ஏம்மா?" அப்படின்னு எங்கம்மா கேட்டாங்க. அந்த அக்கா என்ன பதில் சொன்னாங்கன்னு ஞாபகம் இல்லை. ஏழு வருஷம் கழிச்சு எனக்குப் பதில் கிடைச்சது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு வருஷத்துல ஆஸ்பத்திரியில படுக்கிறவங்க நூத்துக்குச் சுமார் மூணு பேர்தான். ஒரு தெருவுல சும்மா குலுக்கிப் போட்டு எட்டு வீடு எடுத்தா, அந்த எட்டுல பெரும்பாலான வீடுகள்ல யாருக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கவே வாய்ப்பு அதிகம். செலவைப் பத்திக் கேட்கப் போய், செலவே ஆகாத வீடுகளாப் பார்த்துட்டு வர வேண்டியதுதான். அதனால முதல்ல எல்லா வீட்டையும் பட்டியல் போட்டு மூணு கூட்டமாப் பிரிச்சுடறாங்க. கைக்குழந்தை இருக்கிற வீடுகள்ல ரெண்டு, யாராவது ஆஸ்பத்திரியில தங்கின வீடுகள்ல நாலு, மத்ததுல ரெண்டு. ஆக எட்டு. எந்த வீடுங்கிறதைக் குலுக்கல் முடிவு பண்ணும், வந்தவங்க இல்லை. நாடு முழுக்க இப்படி 1,13,823 வீடு. எங்களை மாதிரி வீடுகளை வேணும்னே அதிகமா எடுத்திருக்கிறதால, கடைசியில கூட்டும்போது எங்க எடையை அதுக்கேத்த மாதிரிக் குறைச்சுடுவாங்க. அப்படியும் எங்க வீட்டுப் பதில் எங்க வீட்டுக்கு மட்டுமானது இல்லை, முன்பின் தெரியாத பல வீடுகளுக்கும் சேர்த்துத்தான். நான் இதுவரைக்கும் படிச்ச டிசைன்லயே இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. நிஜமாவே.

ஞாபக சக்தியைக்கூட விட்டு வைக்கலை. ஆஸ்பத்திரியில தங்கினதுக்கு 365 நாள் பின்னோக்கிக் கேட்கிறாங்க. சாதாரண காய்ச்சல், சளி, சுகர் மாத்திரைக்கெல்லாம் 15 நாள் மட்டும். போன தீபாவளிக்கு வந்த இருமலுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு கேட்டா உங்களால சொல்ல முடியுமா? ஆனா ஆப்பரேஷன் பில்லை யாரும் மறக்க மாட்டாங்க. மழைக்காலக் காய்ச்சல் ஒரு மாசம், வெயில்கால வயித்துப்போக்கு ஒரு மாசம்னு மாறுமே, அதுக்காக வேலையை மூணு மூணு மாசமா நாலு துண்டாப் பிரிச்சு வருஷம் பூரா நடத்தியிருக்காங்க.

அப்புறம் இறந்தவங்க. வீட்ல இருக்கிறவங்களை மட்டும் கேட்டா, ஆஸ்பத்திரியில அதிகமாச் செலவு பண்ணியும் காப்பாத்த முடியாமப் போனவங்க கணக்குலயே வர மாட்டாங்க. அதனால "கடந்த ஒரு வருஷத்துல வீட்ல யாராவது இறந்தாங்களா?"ன்னு தனியா ஒரு கேள்வி. அந்த அக்கா குரலைத் தாழ்த்திக்கிட்டுத்தான் கேட்டாங்க. அம்மா சுவத்துல மாட்டியிருந்த தாத்தா படத்தைக் காட்டினாங்க. பொங்கல் கழிஞ்சு மாலை போட்ட படம்.

தாத்தா ரெண்டு தடவை படுத்தார். முதல் தடவை அரசு ஆஸ்பத்திரியில அஞ்சு நாள். அடுத்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பதினோரு நாள், அங்கேயேதான் முடிஞ்சது. கணக்கெடுப்புல இது ரெண்டு தனித்தனி நிகழ்வு, ரெண்டுக்கும் தனித்தனிப் பத்தி. பில் ஃபைலை எடுத்துட்டு வந்து படிச்சுக் காட்டினது நான்தான். வீட்ல இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான் ஒருத்தன்தான், அதனால அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. டாக்டர் ஃபீஸ், மருந்து, டெஸ்ட், பெட் சார்ஜ்னு நான் ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல அவங்க கட்டம் கட்டமா எழுதினாங்க. பில்லுல இல்லாததையும் கேட்டாங்க. ஆட்டோ, ஆம்புலன்ஸ், கூட இருந்தவங்க சாப்பாடு. அப்பா பதினோரு நாளும் ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவுக்கும் அந்தக் கேள்வித்தாள்ல ஒரு இடம் இருந்தது. சம்பளம் இல்லாம லீவு போட்டதுக்கும் இருந்தது.

கடைசியில, "பணம் எப்படிம்மா சமாளிச்சீங்க?"

இந்தக் கேள்விக்கு அஞ்சு பதில்தான் உண்டு. வருமானம் அல்லது சேமிப்பு, கடன், சொத்தை வித்தது, சொந்தக்காரங்க நண்பர்கள் கொடுத்தது, மத்தவை. எது முதல், எது ரெண்டாவதுன்னு சொல்லணும். அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு அக்கா, வாங்கிட்டுப் போன குக்கரைத் திருப்பிக் கொடுக்க வந்து, அப்படியே வாசப்படியில உட்கார்ந்துட்டாங்க. அம்மா அவங்களை ஒரு தடவை பார்த்தாங்க. "சேர்த்து வெச்சிருந்தோம்மா" அப்படின்னாங்க.

அம்மாவோட ரெட்டை வடச் சங்கிலி அப்ப அடகுக் கடையில இருந்தது. அடகு வைக்கப் போனப்ப கூடவே போனவன் நான். ஃபைல்ல இருந்த ஒவ்வொரு எண்ணையும் பைசா சுத்தமாப் படிச்சவன், அந்த ஒரு இடத்துல வாயைத் திறக்கலை.

இப்ப அறிக்கைக்கு வருவோம். ஒரு தடவை ஆஸ்பத்திரியில தங்கினா சராசரி வைத்தியச் செலவு, பிரசவத்தைத் தவிர்த்து, அரசு ஆஸ்பத்திரியில 4,452 ரூபாய், தனியார்ல 31,845. இதையெல்லாம் வேகமாத் தாண்டிட்டு நான் தேடினது பணம் எங்கேருந்து வந்ததுங்கிற அட்டவணையை. நகர்ப்புறத்துல 84 சதவீதம் பேருக்கு முக்கிய ஆதாரம் வருமானமோ சேமிப்போ. 9 சதவீதம் பேருக்குக் கடன். கிராமப்புறத்துல 80, 13. நாங்க டவுன். அந்த 84க்குள்ள எங்க வீடு இருக்கு.

ஒரு வீட்டுப் பொய்யால நாட்டுக் கணக்கு ஆடிடாதுன்னு நீங்க சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஃபர்ஸ்ட் இயர் லேப்ல ஸ்க்ரூ கேஜ் பிடிச்சோமே, ஜீரோ எரர் ஞாபகம் இருக்கா? கை நடுங்கி வர்ற தப்பு ஒருதடவை கூடும், ஒருதடவை குறையும், நூறு தடவை அளந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். ஜீரோ எரர் லட்சம் தடவை அளந்தாலும் போகாது. கடன் வாங்கினதைச் சேமிப்புன்னு சொல்றவங்க எத்தனை பேர்? சேமிப்பைக் கடன்னு சொல்றவங்க எத்தனை பேர்? தேசிய மாதிரி ஆய்வை 1950இல் தொடங்கி வெச்ச மஹலனோபிஸ், ஒரே பகுதியை ரெண்டு குழு தனித்தனியா அளந்து ஒப்பிட்டுப் பார்க்கிற முறையைக் கொண்டு வந்தவர். குழு பண்ற தப்பு அதுல மாட்டும். ரெண்டு குழுவும் வந்தப்ப எங்க வீட்டு வாசப்படியில அதே எதிர் வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தா?

அசைன்மென்ட்ல இதை எழுதலாமா வேண்டாமான்னு அம்மாவுக்கு போன் பண்ணினேன். அன்னிக்கு வந்த அக்காவை நல்லா ஞாபகம் வெச்சிருந்தாங்க. "ஏம்மா பொய் சொன்னே?"

"என்னடா பொய்? சங்கிலி யாரு போட்டது? எங்கப்பா சேர்த்துப் போட்டது. அது சேமிப்பு இல்லாம வேற என்ன?"

அடகுன்னா அது கடன்தான்மா, கோடு நம்பர் ரெண்டுன்னு விளக்க ஆரம்பிச்சேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அம்மா பேசாம இருந்தாங்க.

"அப்ப ஒண்ணே கால் வருஷம் வட்டி கட்டினேனே, அதை எந்தக் கட்டத்துல எழுதியிருக்கு, பார்த்துச் சொல்லு."

கேள்வித்தாளை மறுபடி முதல்லேருந்து பார்த்தேன். வட்டிக்குன்னு ஒரு கட்டம் என் கண்ணுல படலை.