சித்தப்பா வயலில் ஒரு ஆடிட்டிங்!

கும்பகோணத்திலிருந்து ஆடுதுறைக்குப் பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். திருவிடைமருதூர் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல்தான். ஆனால் 2023 பிப்ரவரியில் நான் போனபோது பார்த்தது வேறு காட்சி. அறுவடைக்குக் காத்திருந்த சம்பா, மாதம் பிறந்ததும் கொட்டிய மழையில், கல்யாண வீட்டு ஜமக்காளத்தில் படுத்த விருந்தாளிகள் மாதிரி வரிசையாகச் சாய்ந்து கிடந்தது.

"வா தம்பி! எனக்கு முன்னாடி எம் பயிரு படுத்துடுச்சு பாத்தியா?" என்றார் சித்தப்பா. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சாய்ந்த பயிரை அறுக்க பெல்ட் வண்டிக்கு இரட்டிப்பு நேரமாகும். வாடகையோ மணிக் கணக்கு. அடியில் கிடக்கிற கதிர் முளைவிட்டால் அதுவும் போச்சு.

வேடிக்கை என்னவென்றால், வரப்புக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆச்சியின் வயல் முக்கால்வாசி நின்றுகொண்டிருந்தது. அதே ரகம், அதே மழை.

பட்டணத்து ஜம்பத்தில் அரைக்கைச் சட்டையோடு உள்ளே இறங்கினேன். ஐந்தே நிமிஷம். கையெல்லாம் சுணை! சொறிந்துகொண்டே டீக்கடைக்கு வந்தால், ஓய்வுபெற்ற வேளாண் அதிகாரி ஒருவர் சிரித்தார். "சுணையிலயும் அந்த சிலிக்காதான் சார் இருக்கு. அது இருந்தாத்தான் நெல்லு நிக்கும்."

மணலில் இருக்கிற அதே சமாசாரம். மண்ணில் கரைந்திருக்கும் சிலிக்கானை நெல் வேர் தண்ணீரோடு உறிஞ்சி, இலைக்கும் தண்டுக்கும் தோலுக்கடியில் கண்ணாடிப் பூச்சு மாதிரி பூசி வைக்கிறது. தண்டு விறைப்பாகிறது. குருத்துப்பூச்சிக்குக் கடிக்கக் கஷ்டம். குலைநோய்ப் பூஞ்சைக்கு நுழையக் கஷ்டம். ஜப்பான்காரர்கள் 1955-லேயே இதை உரமாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள். 2006-ல் ஜியான் ஃபெங் மா குழுவினர், நெல் வேரில் சிலிக்கானை உள்ளே இழுக்கிற மரபணுவையே கண்டுபிடித்தார்கள். அது பழுதான நெல்லில் மணியும் சரியாகப் பிடிக்கவில்லை, பூச்சிக்கும் அது விருந்தாகிவிட்டது.

நான் பி.காம். எனக்குப் புரிந்தது கணக்குதான். ஏக்கருக்கு இரண்டு டன் நெல் எடுத்தால், கதிரும் வைக்கோலுமாகச் சேர்த்து சுமார் நூறு கிலோவுக்கு மேல் சிலிக்கான் வயலைவிட்டு வெளியேறுகிறது. தழைச்சத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்! தழைச்சத்துக்கு யூரியா மூட்டை உண்டு. இதற்கு வரவுப் பக்கம் காலி. மண்ணில் மலை மலையாக இருந்தாலும் கரைந்தது மட்டும்தான் செல்லுபடி. ஃபிக்ஸட் டெபாசிட்டை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குச் சில்லறை தேடுகிற கதை.

சித்தப்பா வைக்கோலைக் கட்டு கட்டாக லாரிக்கு விற்றவர். "பச்சை போதலை"ன்னு யூரியாவைக் கூடுதலாக வேறு போட்டிருக்கிறார். யூரியா மிஞ்சினால் பயிர் கருகருவென்று கொழுக்கும். தண்டோ வெண்டைக்காய். ஆச்சியோ யூரியா பாதிதான் போட்டார். வைக்கோலில் கொஞ்சத்தை மக்கவிட்டு உழுதார். உமிக்கரியையும் சாம்பலையும் வருஷா வருஷம் வயலில் கொட்டுவது அவர் மாமியார் காலத்துப் பழக்கமாம். சாம்பல் மட்டும்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், யூரியா குறைந்ததும் ஒரு காரணம். ஆனால் உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. நம் பாட்டிமார் பாத்திரமும் பல்லும் அதில் தேய்த்தது சும்மா இல்லை.

மறுநாள் சித்தப்பா என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு நேரே அரவை மில்லுக்குப் போனார். பாய்லருக்குப் பின்னால் கறுப்பு மலையாக உமிச்சாம்பல். செங்கல் சூளைக்காரரின் டிராக்டர் வந்து நின்றிருந்தது.

"பத்து மூட்டை வேணும்" என்றார் சித்தப்பா.

மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விலை சொன்னார்.

"யோவ், எங்க ஊரு நெல்லோட சாம்பல்யா அது! எங்கிட்டயே காசா?"

அரை மணி நேரம் பேரம். கடைசியில் ஆறு மூட்டை. பைக்கில் இரண்டுதான் ஏறியது. நான் ஆடுதுறை வரை நடந்தேன், சொறிந்துகொண்டே.