எஞ்சினை இறக்கிய பிறகு

காரியாபட்டிப் பங்கு இல்லத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் நிற்கும் மாருதி 800 காருக்கு இன்னும் சில மாதங்களில் 15 ஆண்டுகள் நிறைகின்றன. பதிவைப் புதுப்பிப்பதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் நம் பங்கு இளைஞர் ஒருவர் வேறொரு வழி சொன்னார். "எஞ்சினை இறக்கிட்டு மோட்டாரை ஏத்திரலாம், ஃபாதர். நம்ம வளாகத்துலயே வச்சு முடிச்சிரலாம்."

மோட்டாரோடு பழகிய கை அது. ஆகவே அமர்ந்து கேட்டோம். எஞ்சின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க் நான்கும் வெளியேறும். கியர் பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். லேத்தில் கடைந்த தகடு ஒன்றால் மோட்டாரை அதனோடு பிணைக்க வேண்டும். அச்சு மயிரிழை விலகினாலும் பேரிங் தேய்ந்துவிடுமாம். 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 24, ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணி. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஏழரை யூனிட் மின்சாரம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ ஒன்பது யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது என்று கணக்குப் பார்த்தபோது நாம் திகைத்தோம். பின்னிருக்கை வரை அடுக்கிய பேட்டரி ஒரு லிட்டருக்கும் ஈடாகவில்லை! ஆயினும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே சக்கரத்தை எட்டுகிறது. மீதி வெப்பமாய் வீணாகிறது. மின்மோட்டார் பத்தில் எட்டுப் பங்குக்குமேல் பயனாக்குவதால், இத்தகைய சிறிய வண்டி 60, 70 கிலோமீட்டர் ஓடிவிடும். மதுரைக்குப் போய்த் திரும்ப அது மட்டுமட்டாய்ப் போதும். திரும்பிய இரவில் சிற்றூர் ஒன்றிலிருந்து நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தால்? "வண்டி சார்ஜ்ல நிக்கட்டும், என் பைக்ல வந்துருங்க" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல நமக்குத் தெரியவில்லை.

பிரேக்கைப் பற்றி அவரும் எண்ணியிருக்கவில்லை. அருப்புக்கோட்டையில் வயதான மெக்கானிக் ஒருவர்தாம் எடுத்துக்காட்டினார்: பிரேக் மிதிக்குத் துணைநிற்கும் பூஸ்டர், எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தால் இயங்குவது. எஞ்சின் போனால் அந்தத் துணையும் போய்விடும். மிதி கல்லாய் இறுகும். மின்சாரத்தால் இயங்கும் வெற்றிடப் பம்பு ஒன்றைத் தனியே பொருத்தியாக வேண்டும். ஓடவைப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நாம் நிறுத்துவதை மறந்திருந்தோம்.

தீயைப் பற்றி நம் மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் இரும்புக் கருவியைத் தொடக்கூடாது என்பதை அறிந்த தாய்மார் நம் ஆலயத்தில் முன்வரிசையில் அமர்கிறார்கள். 76 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே ஸ்பானர் ஒன்று நழுவி விழுந்தால், இரும்பு உருகும் அளவுக்குப் பொறி பறக்கும். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் பற்றி எரிந்து தந்தையும் மகளும் மாண்டனர். நாம் கேட்ட செல் வகை ஏனையவற்றைவிடச் சாந்தமானது என்கிறார்கள். தீப்பிடிக்கவே பிடிக்காது என்று எவரும் சொல்லவில்லை. வேப்பமரத்துக்குப் பத்தடி தள்ளித்தான் மறைக்கல்வி வகுப்பு நடக்கிறது.

சட்டமும் வழிமறிக்கிறது. 2016இல் நடுவண் அரசு வகுத்த விதிகளின்படி, பெட்ரோல் காரை மின்காராக்கும் கிட், புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்றவரே அதைப் பொருத்த வேண்டும், ஆர்.சி. புத்தகத்திலும் மாற்றம் ஏற வேண்டும். நம் வளாகத்தில் நம் இளைஞர் எவ்வளவு நேர்த்தியாய்ச் செய்தாலும் அது சாலைக்கு ஆகாது. இதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியதை நாம் கண்டோம். விதி சரியானது என்றே கருதுகிறோம். ஆனால் ஒப்புதல் பெற்ற கிட்டின் விலை, நம் காரின் இன்றைய மதிப்பைப்போல் பல மடங்கு என்பதும் உண்மை.

சாலக்குடி என்றால் நம்மவர்க்குத் தியானமே நினைவுக்கு வரும். அந்த ஊர் நிறுவனம் ஒன்றுதான் 1993இல், ஜப்பானின் யஸ்காவாவோடு சேர்ந்து, லவ்பேர்ட் என்னும் இருவர் அமரும் மின்காரைக் கொண்டுவந்தது. அதில் ஈயப் பேட்டரிதான். சந்தையில் அது நிலைக்கவில்லை.

நம் இளைஞர் சோர்ந்துவிடவில்லை. அவர் வாங்கிவைத்த மோட்டார், ஆலயத் தோட்டத்துக்குத் தண்ணீர்க் குடம் சுமக்கும் தள்ளுவண்டியில் இப்போது ஏறியிருக்கிறது. பேட்டரி நான்கே செல். சார்ஜ் போடுவது பகலில், திறந்த வெளியில், அவர் அருகிலிருக்கும்போது மட்டும். மாருதிக்குப் பதிவைப் புதுப்பிக்க மனு எழுதியிருக்கிறோம். பிரேக்கையும் ஒருமுறை பார்க்கச் சொன்னோம்.